கோனா, பனியனா, கூண்டா? நாய்க்குக் கருத்தடை ஆபரேஷனுக்குப் பிந்தைய 10 நாட்கள்

ஆபரேஷன் முடிந்து நாயைக் கையில் ஒப்படைக்கும்போது எந்த டாக்டரும் இரண்டு விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்வார்: நக்க விடாதீங்க, ஓட விடாதீங்க. மற்றதெல்லாம் சீட்டில் எழுதியிருக்கும். கேட்கும்போது சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். ஒரு வயது நாட்டு நாயிடம் அந்த இரண்டையும் 10 நாள் நடத்திக் காட்டுவது எவ்வளவு பாடு என்பது அன்று ராத்திரியே தெரிந்துவிடும். கடைக்கு ஓடினால் தலையைச் சுற்றிப் புனல் போல மாட்டும் பிளாஸ்டிக் கோன், ஊதிக் கட்டும் காலர், உடம்புச் சட்டை என்று வரிசையாகத் தொங்கும். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஆளுக்கொரு யோசனை. "எங்க ஜிம்மிக்கு ஒண்ணுமே போடல, நல்லாத்தான் இருந்தான்" என்று ஒருவர் வராமல் இருக்கவே மாட்டார்.

எந்தச் சாமான் நல்லது என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. அந்த 10 நாளில், எந்த நேரத்தில், வீட்டில் யார் இருப்பார்கள்? பகலெல்லாம் பாட்டி வீட்டில் இருக்கிறார் என்றால் ஒரு வழி. இருவரும் காலையில் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டு ராத்திரி திரும்புகிறவர்கள் என்றால் அதே சாமான் அங்கே உதவாது. கீழே சொல்லும் ஒப்பீடு எல்லாவற்றையும் இந்தக் கேள்வியோடு சேர்த்தே படியுங்கள்.

காயம் எந்த இடத்தில்?

ஆண் நாய்க்குப் பெரும்பாலும் விதைப்பைக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு சிறு கீறல். அதன் வழியாகவே இரண்டு விதைகளையும் எடுத்துவிடுவார்கள். வயிற்றைத் திறப்பதில்லை என்பதால் நாய் மறுநாளே பழையபடி துள்ளப் பார்க்கும். பை காலியாக இருந்தாலும் சில நாள் வீங்கி, உள்ளே ஏதோ இருப்பது போலவே தோன்றும். "டாக்டர் எடுக்கவே இல்லையோ" என்று சந்தேகப்பட்டு போன் செய்பவர்கள் உண்டு. சிரிக்க வேண்டாம், நியாயமான சந்தேகம்தான். ஆனால் வீக்கம் நாளுக்கு நாள் வற்ற வேண்டும். பெரிதாகிக் கருநீலமாக மாறினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று பொருள். அதைக் காட்டியே ஆக வேண்டும்.

பெட்டை நாய்க்கு இது பெரிய ஆபரேஷன். தொப்புளுக்குக் கீழே நடுவயிற்றில் திறந்து, சினைப்பைகளையும் கர்ப்பப்பையையும் எடுக்கிறார்கள். மூடும்போது வயிற்றுச் சுவருக்கு ஒரு தையல், அதற்கு மேல் கொழுப்புக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று என்று அடுக்கடுக்காகப் போடுவார்கள். நம் கண்ணுக்குத் தெரிவது கடைசி அடுக்கு மட்டும். வெளித்தோல் அழகாக ஒட்டியிருக்க, நாய் கட்டிலிலிருந்து குதித்த குதியில் உள்ளே இருக்கும் தையல் விட்டுக்கொடுக்கலாம். பெட்டைக்கு ஓட்டத்தை அடக்குவது நக்குவதைத் தடுப்பதைவிட முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். நடைமுறையில் எல்லோரும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். ஆயிரம் பத்திரமாகக் கோன் மாட்டிவிட்டு, நாயைச் சோபாவில் ஏறி இறங்க விட்டுவிடுகிறார்கள்.

சில டாக்டர்கள் நடுவயிற்றை விட்டு, விலாவுக்குப் பின்னால் பக்கவாட்டில் கீறுவார்கள். தெருநாய்களுக்கும், குட்டி போட்டு மடி வற்றாத தாய்களுக்கும் இது தோது. தள்ளி நின்றே காயத்தைப் பார்த்துவிடலாம். ஆனால் நாய் சுருண்டு படுத்தால் மூக்கு நேராக அந்த இடத்தில்தான் போய் நிற்கும்.

ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கீறல் எங்கே வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தையலையும் கேளுங்கள். தோலுக்கு அடியில் கரையும் நூலில் போட்டால் பிரிக்கும் வேலை இல்லை, நாய் பல்லால் கவ்வி இழுக்க நுனியும் இருக்காது. வெளியே நைலானில் போட்டால் 10 முதல் 14 நாளில் போய்ப் பிரிக்க வேண்டும். தொட்டால் கடிக்கிற நாய்க்கும் தெருநாய்க்கும் கரையும் நூல்தான் நல்லது. சாதுவான வீட்டு நாய்க்கு எதுவானாலும் சரி. சொல்லப்போனால் வெளித்தையலில் ஒரு லாபம் இருக்கிறது. பிரிக்கவாவது நாம் மறுபடி டாக்டர் முன்னால் போய் நிற்போம். கரையும் நூல் போட்டவர்களில் பலர் ஆஸ்பத்திரிப் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை.

நக்காமல் இருக்க

"நாய் நக்கியே புண்ணை ஆத்திக்கும்" என்று ஊரில் சொல்வார்கள். எச்சிலில் கிருமியைத் தடுக்கும் பொருட்கள் கொஞ்சம் இருப்பது உண்மைதான். ஆனால் கூடவே வாய்க்கிருமிகளும் இருக்கின்றன. சொரசொரப்பான நாக்கும் முன்பற்களும் சேர்ந்தால் தையல் பிரிய ஐந்து நிமிடம் போதும். நம் ஊரில் இன்னொரு தொல்லை ஈ. நக்கி நக்கி ஈரமாகிப்போன காயத்தில் ஈ உட்கார்ந்து முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். மார்கழிக் குளிரில் கொஞ்சம் பிழைக்கலாம். பழம் உதிர்ந்து ஈ மொய்க்கும் காலத்தில் மாமரம் இருக்கும் வீடுகளில் எச்சரிக்கையாக இருங்கள்.

முதலில் பழைய பிளாஸ்டிக் கோன். பார்க்கப் பரிதாபமாக இருக்கும், கதவில் இடிக்கும், நம் முழங்காலில் வந்து குத்தும். ஆனாலும் இருப்பவற்றில் நம்பகமானது இதுதான். அளவு சரியாக இருந்தால் மட்டும். கோனின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு விரற்கடையாவது வெளியே நீள வேண்டும். கழுத்தில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். விளிம்பு மூக்கோடு மூக்காக நிற்கிற கோனை மாட்டியிருந்தால் நாய் உடம்பை வளைத்துக் காயத்தைத் தொட்டுவிடும். கடையில் "இந்த சைஸ்தான் இருக்கு" என்றால் வாங்காமல் வாருங்கள். ஒளி ஊடுருவும் கோன் கிடைத்தால் அதுவே நல்லது, பக்கவாட்டில் யார் வருகிறார்கள் என்று தெரிவதால் நாய் திடுக்கிடாது. கழுத்து உரசும் ஓரத்தில் பஞ்சு வைத்து டேப் சுற்றிவிடலாம்.

சாப்பாடுதான் பலர் கோனைக் கழற்றிவிடும் இடம். கழற்றத் தேவையில்லை. கோனின் வாயைவிடக் குறுகலான கிண்ணத்தை ஒரு செங்கல்லின் மேல் வைத்தால் கோன் கிண்ணத்தைச் சுற்றி இறங்கிக்கொள்ளும், நாய் தன்பாட்டுக்குச் சாப்பிடும். தண்ணீருக்கும் அப்படியே. தினம் ஒருமுறை உட்புறத்தை ஈரத்துணியால் துடையுங்கள். தயிர்சோறு ஒட்டிக் காய்ந்த கோனுக்குள் தலையை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் படுத்திருப்பது எப்படியிருக்கும்!

அடுத்து ஊதிக் கட்டும் காலர். பஸ் பயணத்தில் கழுத்துக்கு வைக்கும் தலையணை மாதிரி இருக்கும். நாய் சௌகரியமாகத் தூங்கும், எங்கும் இடிக்காது, பார்க்கவும் நன்றாக இருக்கும். அதனாலேயே நன்றாக விற்கிறது. பக் போன்ற குட்டைமூக்கு நாய்க்கோ கட்டைக் கழுத்து லாப்ரடாருக்கோ ஓரளவு பயன்படும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வீட்டில் இருந்தால் இதை நினைக்கவே வேண்டாம். அந்த நீண்ட கழுத்தும் மூஞ்சியும் காலரைத் தாண்டி எங்கு வேண்டுமானாலும் எட்டும். நாட்டு நாய்களிலும் பாதிக்கு மேல் அப்படித்தான். நகம் பட்டுக் காற்று இறங்கினால் நடுராத்திரியில் சத்தமில்லாமல் கதை முடிந்துவிடும்.

மூன்றாவது உடம்புச் சட்டை. கடையில் இதற்கென்றே தைத்தது கிடைக்கிறது, ஆனால் வீட்டிலேயே வழி இருக்கிறது. நடுத்தர நாய்க்குப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பனியன் சரியாக இருக்கும். முன்கால்களைக் கைகளில் நுழைத்து, பின்பக்கத் துணியை இடுப்புக்கு மேலே இழுத்துச் சுருட்டி, முதுகில் ரப்பர் பேண்டால் முடிந்துவிடுங்கள். நாயின் வயிற்றை இறுக்கக் கூடாது, தொங்கவும் கூடாது. நடுவயிற்றுக் காயமுள்ள பெட்டைக்கு இது அருமையான ஏற்பாடு. ஈயும் அண்டாது, தூசியும் படாது, கோன் மாட்டிய நாயின் அந்த மூலையைப் பார்த்து நிற்கும் சோகமும் இல்லை.

குறைகள் இரண்டு. ஒன்று, துணிக்கு மேலேயே நக்கும் நாய் இருக்கிறது. நனைந்த துணி காயத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் வெறும் காயத்தைவிட மோசம். அதனால் குறைந்தது மூன்று பனியனாவது மாற்றுக்கு வேண்டும். இரண்டு, வெயில். சென்னை, மதுரைப் பக்கம் சித்திரை மாதத்தில் மின்விசிறியும் நின்றுபோன மத்தியானத்தில் மயிர் அடர்ந்த நாய்க்குச் சட்டை மாட்டிவைத்தால் தோல் வெந்து அரிப்பு வரும். பிறகு காயத்தை விட்டுவிட்டு அரிப்பைக் கடிக்கும்.

ஆண் நாய்க்குச் சட்டை வேண்டாம் என்பேன். காயம் இருக்கும் இடம் வரை துணி போனால் சிறுநீர் படும், சிறுநீர் படாமல் வெட்டிவிட்டால் காயம் மூடாது. சிறுவர் டிராயரை மாட்டி வாலுக்கு ஓட்டை போட்டுச் சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் கழற்றி மாட்டும் பொறுமை அவர்களுக்கு இருந்தது.

ஒன்றும் போடாமல் "கண்ணிலேயே வெச்சுப் பாத்துக்கறேன்" என்பது நான்காவது வழி. நீங்கள் நாயின் பக்கத்தில் உட்கார்ந்து விழித்திருக்கும் நேரத்துக்கு மட்டும் இது சரி. குக்கர் விசில் அடிக்கிறதென்று எழுந்து போனால்கூடக் கணக்கு தவறிவிடும்.

வீட்டில் இரண்டாவது நாய் இருந்தால் இன்னொரு சங்கதி. கோன் மாட்டிய நாயால் தன் காயத்தை நக்க முடியாது, ஆனால் கூட்டாளி வந்து பாசத்தோடு நக்கிவிடும். அங்கே கோனோடு பனியனும் சேர வேண்டும், அல்லது இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும்.

மொத்தத்தில் என் தேர்வு இப்படி: ராத்திரியிலும், நாய் தனியாக இருக்கும் நேரத்திலும் யாராக இருந்தாலும் பிளாஸ்டிக் கோன். பகலில் ஆள் கூடவே இருக்கும் வீட்டில் பெட்டைக்குப் பனியன். ஆணுக்கு இரவும் பகலும் கோன், நீங்கள் மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருக்கும் நேரம் மட்டும் கழற்றலாம். ஊதும் காலருக்குச் செலவழிக்கும் பணத்தை நல்ல கோனில் போடுங்கள். ஆபரேஷன் தேதி குறித்த அன்றே வாங்கிவந்து, தினம் இரண்டு நிமிடம் மாட்டி ஒரு துண்டு கோழிக்கறி கொடுத்துக் கழற்றினால், உரிய நாளில் நாய் தானே தலையை நீட்டும். மயக்கம் தெளியாத நாய்க்கு முதன்முதலாகக் கோன் மாட்டுவது இருவருக்கும் கொடுமை.

ஓடாமல் இருக்க

கூண்டு, தனி அறை, கயிறு. மூன்றில் ஒன்றுதான். வெளிநாட்டு வீடியோக்களில் எல்லா நாயும் கூண்டுக்குள் சமர்த்தாகத் தூங்குவதைப் பார்த்து ஒரு கூண்டு வாங்கிவந்து, ஆபரேஷன் அன்று சாயங்காலம் நாயை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துபவர்கள் உண்டு. கூண்டே பார்க்காத நாய் கம்பியைக் கடிக்கும், உடம்பால் மோதும், ஊளையிடும். சும்மா விட்டிருந்தால்கூட அவ்வளவு அசைந்திருக்காது. முன்பே பழகிய நாய்க்குக் கூண்டைவிடச் சிறந்தது எதுவும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கோனோடு எழுந்து நின்று திரும்பிப் படுக்கும் அளவு இடம் வேண்டும். பழக்க இரண்டு மூன்று வாரமாவது ஆகும், அதற்கு நேரமில்லை என்றால் கூண்டை மறந்துவிடுங்கள்.

தனி அறை நம் வீடுகளுக்குப் பொருந்தும், அறையைப் பொறுத்து. கட்டில் இருக்கும் படுக்கையறை ஆகாது, மெத்தையைக் கீழே இறக்கிவிட்டால் ஆகும். நாயோடு படுத்துப் பழகியவர்கள் பத்து நாள் பாய் விரித்துத் தரையில் படுத்துவிடுவது நல்லது. நீங்கள் மேலே படுத்தால் அது குதித்துத்தான் வரும். குளியலறையில் அடைப்பது வேண்டாம், ஈரமும் வழுக்கலும் இரண்டுமே கேடு. டைல்ஸ் தரையில் பின்கால் விரிந்து சறுக்கும்போது வயிற்றுத் தையல்தான் இழுபடும். சாக்கு, பழைய ஜமுக்காளம், ரப்பர் மிதியடி எதையாவது நாய் நடக்கும் வழியெல்லாம் விரித்துவையுங்கள். காயத்தில் படும்படி விரிப்பது மட்டும் துவைத்த பருத்திப் புடவையாக இருக்கட்டும்.

கயிறு என்றால் வாசலில் சங்கிலியால் கட்டிப் போடுவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தெருவில் போகும் ஒவ்வொரு பைக்குக்கும் அது துள்ளி, சங்கிலி இழுக்க, அந்தரத்தில் தொங்கிவிடும். நான் சொல்வது உள்ளே, நீங்கள் உட்காரும் நாற்காலிக்கு அருகில், ஒன்றரை மீட்டர் கயிறு. ஆள் இருக்கும் வீட்டில் எனக்குப் பிடித்த வழி இதுதான். நாய் தனியாக விடப்பட்ட ஏக்கம் இல்லாமல் உங்கள் காலடியிலேயே தூங்கும், எழுந்தால் உங்களுக்குத் தெரியும். ஆள் இல்லாத நேரத்தில் கயிறு கட்டக் கூடாது, கோனில் சிக்கிக்கொள்ளும். அப்போது அறைதான்.

மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றால்? சின்ன நாயைத் தூக்கிவிடலாம். மார்புக்கு அடியில் ஒரு கை, பின்தொடைக்கு அடியில் ஒரு கை, வயிற்றில் கை படாமல். 25 கிலோ நாயை அப்படி ஒரு நாளைக்கு நான்கு முறை தூக்க முடியாது. அதைக் கயிற்றில் பிடித்து ஒவ்வொரு படியாக, மெதுவாக நடத்திக் கூட்டிப் போகலாம். ஓடவிட்டால்தான் ஆபத்து. மொட்டை மாடியில் பழைய செய்தித்தாள் விரித்துப் பழக்கியிருந்தால் இன்னும் மேல்.

துறுதுறுப்பு அடங்காத நாய்க்கு அமைதிப்படுத்தும் மாத்திரை கேட்பதில் தவறில்லை. காபாபென்டின், டிராசடோன் போன்றவற்றை டாக்டர்கள் இதற்காகவே எழுதுகிறார்கள். நாயை மயக்கிப் போடுகிறோமே என்ற குற்ற உணர்வில் பலர் கேட்பதில்லை. தையல் விட்டுப்போய் இரண்டாவது முறை மயக்க மருந்து கொடுக்க நேர்வதைவிட இது எவ்வளவோ தேவலை. மாத்திரையோடு மூளைக்கும் வேலை கொடுங்கள். பழைய துண்டுக்குள் கோழித்துண்டுகளைச் சுருட்டிவைத்துத் தேடவிட்டால், மோப்பம் பிடித்தே ஒரு நாய் களைத்துப்போகும்.

வீடா, ஆஸ்பத்திரியா, போர்டிங்கா

சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியானாலும் தெருமுனைக் கிளினிக்கானாலும் வழக்கமான ஆரோக்கியமான நாயை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஓரிரவு வைத்துக்கொள்ளும் தனியார் ஆஸ்பத்திரிகளும் உண்டு. அங்கே விட்டு வருவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: ராத்திரி யார் இருப்பார்கள்? காவலாளி மட்டும்தான் என்றால் வீடே மேல். வயதான நாய், ரத்தம் அதிகம் போன நாய், சூட்டில், அதாவது இணைசேரும் பருவத்தில், இருக்கும்போதோ கர்ப்பப்பையில் சீழ் பிடித்தோ ஆபரேஷன் ஆன பெட்டை, இவற்றை டாக்டர் கண்காணிப்பில் விடுவதுதான் முறை.

போர்டிங்கில் 10 நாள் விடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். குரைப்புச் சத்தம், புது இடம், பத்து நாய்க்கு ஒரு ஆள். அவசியம் விடத்தான் வேண்டுமென்றால் முதல் நான்கைந்து நாளை வீட்டில் கழித்துவிட்டு விடுங்கள். லீவு எடுக்க முடிந்தால் அதையும் முதல் நாட்களிலேயே எடுங்கள். மயக்கம் தெளிந்து நாய்க்குத் தெம்பு திரும்பும், காயம் இன்னும் கூடியிருக்காது என்ற இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரைதான் எல்லா விபரீதமும் நடக்கும்.

முதல் ராத்திரி நாய் தள்ளாடும், நடுங்கும், காரணமில்லாமல் முனகும். முனகலெல்லாம் வலி என்று எண்ண வேண்டாம். மயக்க மருந்து இறங்கும்போது வரும் குழப்பமும் அதில் உண்டு. ஏசிக்கும் மின்விசிறிக்கும் நேராகப் படுக்கவைக்காமல் ஒரு போர்வை போட்டால் போதும். சுடுதண்ணீர் பை வைக்காதீர்கள், அரைமயக்கத்தில் சுடுவது அதற்குத் தெரியாது. நன்றாக நிற்கத் தொடங்கிய பிறகு தண்ணீர் கொஞ்சம், பிறகு வழக்கமான சாப்பாட்டில் கால்வாசி. வெங்காயம், மசாலா இல்லாத கோழிச்சோறு நல்லது. ஒருமுறை வாந்தி எடுத்தால் பரவாயில்லை. இரண்டு நாள் மலம் போகாவிட்டாலும் பயமில்லை, பட்டினி கிடந்த வயிறு.

வலிக்கு

ஆஸ்பத்திரியில் போடும் ஊசி ஒரு நாள் தாங்கும். அதன் பிறகு வீட்டில் மாத்திரையா, தினம் போய் ஊசியா என்று சிலருக்குத் தேர்வு இருக்கும். நாய்க்கு ஆஸ்பத்திரி என்றாலே உதறல் என்றால் மாத்திரைதான். ஆட்டோவில் ஏற்றி இறக்குவதும் ஓட்டம்தானே. பெரும்பாலான சீட்டுகளில் மெலாக்ஸிகாம் இருக்கும். தினம் ஒரு வேளை, வயிற்றில் சாப்பாடு இருக்கும்போது மட்டும். நாய் சாப்பிடவில்லை, தொடர்ந்து வாந்தி, மலம் கறுத்துப் போகிறது என்றால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

நம் அலமாரியில் இருக்கும் புரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் கூடவே கூடாது. நாயின் இரைப்பையில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சொல்லப்போனால் இந்த டைக்ளோஃபினாக், மாடுகளுக்குப் போட்டு, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளைக் கிட்டத்தட்ட அடியோடு அழித்த மருந்து. 2006ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தபோது பதிலுக்கு முன்வைத்ததும் இதே மெலாக்ஸிகாம்தான்.

காயத்தின் மேல் மஞ்சள், வேப்பிலை அரைப்பு, தேங்காய் எண்ணெய் என்று ஒன்றும் பூச வேண்டாம். மஞ்சள் பூசினால் காயத்தின் நிறம் தெரியாமல் போய்விடும், எண்ணெய் வாசனைக்கே நாய் நக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்பிரே இருந்தால் அது மட்டும். 10 முதல் 14 நாள் வரை குளிப்பாட்டக் கூடாது, நாற்றம் வந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். காயத்திலிருந்தே நாற்றம் வந்தால் வேறு விஷயம். அதோடு சீழ், தையல் ஓரம் பிரிவது, ஈறு வெளுத்துப்போவது, வயிறு உப்புவது, ஒரு நாள் கடந்தும் எழுந்திருக்காதது, இவற்றில் எது கண்டாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. பெட்டையின் தையலுக்கு அடியில் மெத்தென்று நீர்க்கட்டு போல் வீங்கினால் பெரும்பாலும் அது அதிகம் ஆடியதால் வருவது, தானே வற்றும். இருந்தாலும் ஒரு போட்டோவாவது எடுத்து டாக்டருக்கு அனுப்பிவிடுங்கள்.

தெருநாய் என்றால்

கோனும் பனியனும் தெருவில் நடக்காது. கோன் மாட்டிய நாயை மற்ற நாய்கள் துரத்தும், அதற்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை. ஆகவே சோறு போடுபவருக்கு இருக்கும் தேர்வு இரண்டு: மாநகராட்சியின் கருத்தடைத் திட்டத்தில் ஒப்படைப்பது, அல்லது தனியாகச் செய்து நாமே வைத்திருந்து விடுவது. சென்னையில் புளூ கிராஸ் 1964ல் தொடங்கிய இந்த வேலையை மாநகராட்சி 1996ல் கையில் எடுத்தது. 2001லும் பிறகு 2023லும் வந்த மத்திய அரசு விதிகளின்படி, கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். மையத்தில் கூண்டு இருக்கிறது, தினம் காயத்தைப் பார்க்க ஆள் இருக்கிறது. மனிதர் தொட்டாலே சீறும் நாய்க்கு இதுதான் வழி. பிடித்த இடம், நாயின் அடையாளம் இரண்டையும் எழுதிக் கொடுத்து, விடும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காதில் சிறு வெட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள், மறுபடி யாரும் பிடித்துப் போகாமல் இருக்க அதுதான் சான்று.

கையில் சோறு வாங்கித் தின்னும், கழுத்தில் கயிறு போட விடும் நாய் என்றால் தனியாகச் செய்து கார் நிறுத்துமிடத்தின் மூலையிலோ மாடிப்படிக்கு அடியிலோ வைத்துக்கொள்ளலாம். அபார்ட்மென்ட் சங்கத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் காயத்தோடு நாயை ராத்திரியில் துரத்திவிட்டு "எங்க போச்சுன்னு தெரியல சார்" என்பார்கள். மிக நீண்ட நாள் அடைத்துவைத்தால் அதன் இடத்தை வேறு நாய் பிடித்துக்கொள்ளும், திரும்பிப் போனதும் சண்டை. காயம் கூடியதாக டாக்டர் சொன்னதும் விட்டுவிட வேண்டும்.

எப்போது செய்வது

தேதி நம் கையில் இருப்பதால் இதுவும் ஒரு தேர்வுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரத்தரை, வெளியே போக முடியாத நாய், காயாத துணி. அக்னி நட்சத்திரத்தில் வெயிலும் ஈயும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு கட்டிலுக்கு அடியில் பாயும் நாய்க்குத் தையலாவது கோனாவது. தை பிறந்து மாசி வரை காற்றும் வெயிலும் மிதமாக இருக்கும், வீட்டு நாய்க்கு நான் அந்த மாதங்களைத்தான் சொல்வேன். பெட்டை சூட்டில் இருந்தால் அது முடிந்து இரண்டு மாதமாவது தள்ளிப்போடச் சொல்வார்கள். சூட்டு நேரத்தில் ரத்த ஓட்டம் கூடுதல்.

வீட்டில் ஆணும் பெட்டையும் இருந்து ஒன்றுக்குத்தான் இப்போது முடியும் என்றால் பெட்டைக்கு முதலில் செய்யுங்கள். ஆணுக்குச் செய்துவிட்டால் கவலை விட்டது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் விதையை எடுத்த பிறகும் குழாயில் மிச்சமிருக்கும் விந்தால் சில வாரங்களுக்குச் சினை பிடிக்க வாய்ப்புண்டு. ஆணுக்கு ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள், பெட்டைக்குச் சூடும் நெருங்குகிறது என்றால், ஒரு மாதம் ஒன்றரை மாதம் ஒன்றை மாடியிலும் ஒன்றைக் கீழேயும் வைத்துக்கொள்ளுங்கள்.